வாசகர் கேள்வி – பதில்: பைபர் படகும் அலையின் அடியும்

கேள்வி: எங்கள் பைபர் படகின் அடித்தளத்தில் நான்கு பேர் சேர்ந்து நின்றாலும் அது வளைவதில்லை. ஆனால் கச்சான் (தென்மேற்கு) காற்றுக் காலத்தில் மன்னார் வளைகுடாப் பக்கம் தொழிலுக்குப் போய்வந்தால், அணியத்துக்கு (படகின் முன்முனைக்கு) சற்றுப் பின்னால் உட்புறத்தில் வெள்ளைத் திட்டுகள் தெரிகின்றன. வெளியே ஒரு கீறல்கூட இல்லை. இதைக் கவனிக்க வேண்டுமா? – வாசகர், பாம்பன்.

பதில்: கட்டாயம் கவனிக்க வேண்டும். வெளியே கீறல் இல்லை என்பதை வைத்து நீங்கள் நிம்மதி அடைந்துவிடக் கூடாது என்பதற்காகவே சற்று விரிவாக எழுதுகிறேன்.

உங்கள் படகின் உடல் கண்ணாடி இழை மேட்டும் (நறுக்கிய இழைகளாலான விரிப்பு) ரோவிங் துணியும் (இழைக்கற்றைகளால் நெய்தது) பாலியஸ்டர் ரெசின் என்ற இறுகும் பிசினில் ஊறி, அடுக்கடுக்காக ஒட்டி இறுகிய பொருள். தனி இழையின் இழுவலிமை, அதாவது அறாமல் தாங்கும் இழுவிசை, 2,000 மெகாபாஸ்கலைத் (விசைச் செறிவின் அலகு) தாண்டும். இறுகிய ரெசினுடையதோ பெரும்பாலும் 50 முதல் 70 மெகாபாஸ்கல்தான். அடுக்கின் தளத்தில் வரும் விசையை இழை ஏற்றுக்கொள்கிறது. அடுக்குக்கும் அடுக்குக்கும் இடையில் இழை இல்லை. அங்கே ரெசின் மட்டுமே பிடித்துக்கொண்டிருக்கிறது. ஆகவே படகின் பலம் எவ்வளவு என்ற கேள்விக்கு, எந்தத் திசையில், எவ்வளவு வேகத்தில் விசை வருகிறது என்பதைச் சேர்த்தே விடை சொல்ல முடியும்.

நான்கு பேர் ஏறி நிற்கும் எடை மெதுவாக வந்து சேர்கிறது. அடித்தளம் முழுவதும் அதைப் பகிர்ந்துகொள்ள நேரம் இருக்கிறது. அணியம் எழும்பி அலையின் மேல் விழும்போது அழுத்தம் சில மில்லி விநாடிகளுக்குள் உச்சத்தைத் தொட்டுவிடுகிறது. அவ்வளவு குறுகிய நேரத்தில் ரெசினின் மூலக்கூற்றுச் சங்கிலிகளால் நகர்ந்து இடங்கொடுக்க முடிவதில்லை. அதனால் ரெசின் வழக்கத்தைவிட விறைப்பாகவும், அளந்து பார்த்தால் சற்று வலிமையாகவும் நடந்துகொள்கிறது. ஆனால் உடைவதற்கு முன் நீளக்கூடிய அளவு பொதுவாகக் குறைந்துவிடுகிறது. அடியின் ஆற்றலை வளைந்து விழுங்க முடியாதபோது, அது இழைக்கும் ரெசினுக்கும் இடையிலுள்ள ஒட்டையும், அடுக்குகளுக்கு இடையிலுள்ள ஒட்டையும் பிரித்துக்கொண்டு செலவாகிறது. அடித்தளம் உள்நோக்கி வளைவதால் சட்டங்களுக்கு நடுவே இழுபடுவது உட்புறப் பரப்பு. சேதம் அங்கே முதலில் தெரிவது இதனால்தான். நீங்கள் பார்க்கும் வெண்மை, நுண்ணிய விரிசல்களும் ஒட்டு விட்ட இழைகளும் ஒளியைச் சிதறடிப்பதால் வருவது.

ஓர் அடியில் படகு உடைவதில்லை. மேட் அடுக்குகளில், முறிக்கும் தகைவில் (ஓரலகுப் பரப்பின் மீது வரும் விசையில்) ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வந்தாலே விசைக்குக் குறுக்கே கிடக்கும் இழைகள் ரெசினை விட்டு விலகத் தொடங்கிவிடுகின்றன. வாடைக் காலத்தில் ஆழம் குறைந்த பாக் விரிகுடாவில் நெருக்கி நெருக்கி எழும் குட்டை அலைகள், அந்தத் தொடக்கத்தை ஒவ்வோர் அடியிலும் சற்றே நீட்டிவிடும். பிரிந்த இடத்துக்குள் உப்புநீர் புகுந்தால் மிச்சமிருக்கும் ஒட்டும் நலிந்துபோகும்.

படகைக் கரையேற்றிக் காயவைத்த பின், ஒரு நாணயத்தால் திட்டைச் சுற்றித் தட்டிப் பாருங்கள். ஒட்டு உறுதியாக உள்ள இடம் கணீரென்று ஒலிக்கும். பிரிந்த இடம் மொத்தென்று ஒலிக்கும். ஒலி மாறும் எல்லையைச் சுண்ணக்கட்டியால் வரைந்துகொண்டே வந்தால், அது கண்ணுக்குத் தெரிந்த வெண்மையைவிடப் பெரிதாக இருப்பதைப் பல நேரங்களில் காண்பீர்கள்.

கடலில் செய்யக்கூடியது வேகத்தைக் குறைப்பது. நீரில் விழும் பொருளின் மீதான அழுத்தம் மோதும் வேகத்தின் இருமடிக்கேற்பக் கூடுகிறது. கடல் விமானங்களின் மிதவைகளுக்காகத் தியோடர் வான் கார்மன் 1929-இல் செய்த கணக்கின் வழியில்தான் இன்றும் படகு வடிவமைப்பாளர்கள் இதை அணுகுகிறார்கள். மோதும் வேகம் பாதியானால் அழுத்தம் கால்பங்காகிவிடும்.

கேள்வி: இவ்வளவு வேகமான அடியை ஆய்வகத்தில் எப்படி அளக்கிறார்கள்? – பொறியியல் மாணவி, இராமநாதபுரம்.

பதில்: பெர்ட்ரம் ஹாப்கின்சன் 1914-இல் எஃகுத் தண்டைக் கொண்டு அழுத்த அலைகளை அளந்தார், அதை இரண்டு தண்டுகளாக்கி, நடுவில் மாதிரியை வைக்கும் முறையைக் கோல்ஸ்கி 1949-இல் விளக்கினார். 25 சென்டிமீட்டர் நீள எஃகுத் தண்டு ஒன்று முதல் தண்டை மோதினால் சுமார் 100 மைக்ரோ விநாடி நீடிக்கும் அலை கிளம்பும். திரும்பும் அலையிலிருந்து மாதிரியின் திரிபு வீதத்தையும் (அது எவ்வளவு வேகமாக உருமாறுகிறது என்பதையும்), கடந்து செல்லும் அலையிலிருந்து தகைவையும் கணக்கிடலாம். கண்ணாடி இழைக் கலவையில் ஒரு சிக்கல் உண்டு: மாதிரியின் இரு முனைகளிலும் விசை சமமாகும் முன்பே அது உடைந்துவிடக்கூடும், அப்படி வந்த அளவை நம்பக் கூடாது. முடிவைப் பார்ப்பதற்கு முன் இரு முனை விசைகளையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

கேள்வி: திட்டின் மேலேயே இரண்டு மேட் கூடுதலாக ஒட்டினால் போதாதா? – வாசகர், கீழக்கரை.

பதில்: போதாது. பிரிந்த அடுக்கு அடியில் அப்படியே இருக்கும். மேலே ஒட்டிய தடித்த திட்டின் ஓரத்தில் விறைப்பு திடீரென மாறுவதால் அடுத்த விரிசல் அங்கிருந்தே புறப்படும். மொத்தென்று ஒலித்த பகுதி முழுவதையும் தேய்த்தெடுத்து, ஓரத்தைத் தடிமனைப் போல் சுமார் 12 மடங்கு அகலத்துக்குச் சரிவாக்கி, நன்கு உலர்ந்த பின்னரே புது மேட்டை ஒட்ட வேண்டும். ஈரக்காற்றில் திறந்து கிடந்த மேட்டை இந்த வேலைக்கு எடுக்காதீர்கள். ஈரம் ஏறிய இழையில் ரெசின் சரியாகப் பிடிக்காது.