850 மைக்ரோ ஆம்பியர் என்றால் எத்தனை ஆம்பியர்? பேட்டரி எத்தனை நாள் வரும்?

பேட்டரியில் ஓடும் சென்சார் சர்க்யூட் ஒன்றை மல்டிமீட்டரில் 2000 மைக்ரோ ஆம்பியர் ரேஞ்ச் வைத்து அளந்தால் 850 காட்டுகிறது, பேட்டரியில் 2000 மில்லி ஆம்பியர் ஹவர் என்று போட்டிருக்கிறது, இதை ஆம்பியருக்கு மாற்றி எத்தனை நாள் வரும் என்று எப்படிக் கணக்குப் போடுவது என வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

அலகு மாற்றுவது சுலபம். 1 ஆம்பியர் 1000 மில்லி ஆம்பியர், 1 மில்லி ஆம்பியர் 1000 மைக்ரோ ஆம்பியர். ஒவ்வொரு படி மேலே போகும்போதும் 1000 ஆல் வகுக்க வேண்டும். ஆக 850 மைக்ரோ என்பது 0.85 மில்லி, அதாவது 0.00085 ஆம்பியர். இங்கே ஆம்பியர் வரைக்கும் போகவே வேண்டாம், பேட்டரியின் எண்ணும் மில்லியில்தானே இருக்கிறது, இரண்டையும் மில்லியில் வைத்துக்கொண்டால் புள்ளி தப்பாது.

ஆனால் மில்லி ஆம்பியரும் மில்லி ஆம்பியர் ஹவரும் ஒன்றல்ல. முதலாவது இந்த நிமிடம் ஓடும் மின்னோட்டம், இரண்டாவது பேட்டரியில் இருக்கும் மொத்தச் சரக்கு. அதனால் ஒன்றை மற்றொன்றாக மாற்ற முடியாது, வகுத்தால் நேரம் கிடைக்கும்: 2000ஐ 0.85 ஆல் வகுத்தால் சுமார் 2350 மணி நேரம், கிட்டத்தட்ட 98 நாள்.

இந்த 98ஐ அப்படியே நம்பிவிடாதீர்கள். நீங்கள் அளந்தது சர்க்யூட் தூங்கும்போது எடுக்கும் மின்னோட்டமாக இருந்தால் கணக்கே வேறு. உதாரணமாக நிமிடத்துக்கு ஒரு நொடி விழித்து 80 மில்லி ஆம்பியர் இழுத்து டேட்டா அனுப்புகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், சராசரி சுமார் 2.17 மில்லியாகிவிடும், பேட்டரி 38 நாள்தான் வரும். அதுவும் காகிதக் கணக்குதான். பேட்டரி தானாகவும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும், முழுதாகக் காலியாகும் முன்பே வோல்டேஜ் போதாமல் சர்க்யூட் நின்றுவிடவும் செய்யும்.

அப்புறம் அளக்கும் விஷயம். மைக்ரோ ரேஞ்சில் மீட்டருக்குள் இருக்கும் ரெசிஸ்டன்ஸ் அதிகம், சர்க்யூட் விழித்து 80 மில்லி கேட்கும்போது மீட்டரிலேயே வோல்டேஜ் விழுந்து சர்க்யூட் ரீசெட் ஆகலாம், மின்னோட்டம் அளவு மீறினால் மீட்டரின் ஃபியூஸும் போகும். அதற்குப் பயந்து 10 ஆம்பியர் ரேஞ்சுக்குப் போனால், பெரும்பாலான மீட்டர்களில் அங்கே கடைசி இலக்கம் 0.01 ஆம்பியர்தான், உங்கள் 850 மைக்ரோ அங்கே 0.00 என்றுதான் தெரியும். விழித்திருக்கும்போது எடுப்பதை மில்லி ரேஞ்சிலும் தூங்கும்போது எடுப்பதை மைக்ரோ ரேஞ்சிலும் தனித்தனியாக அளந்து சராசரி போடுங்கள்.