பணம் கட்டுமுன் நர்சிங் ஹோமில் கேள்

நாகர்கோவிலில் ஐந்து வருடம் வங்கியில் வேலை பார்த்தவள், கிரீன் கார்டில் நியூ ஜெர்சிக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது, நர்சிங் ஹோம்களில் நோயாளிகளுக்கு உதவுகிற சி.என்.ஏ. (சான்று பெற்ற செவிலியர் உதவியாளர்) பயிற்சியில் சேரலாமா, எந்தப் பள்ளி நல்லது, சம்பளம் எவ்வளவு, பனிக்காலத்தில் எப்படிப் போய்வருவது என்று கேட்டிருக்கிறாய். "இது ஆயா வேலை என்கிறார் மாமியார்" என்று கடைசியில் ஒரு வரியும் இருக்கிறது. அக்கா என்று அழைத்துவிட்டாய், அதனால் நீ என்றே எழுதுகிறேன்.

ஊரில் நர்சிங் ஹோம் என்றால் பிரசவத்துக்கும் குடல்வாலுக்கும் போகிற சின்னத் தனியார் ஆஸ்பத்திரி. இங்கே அது முதியவர்கள் தங்கி வாழ்கிற இடம். பலருக்கு அதுதான் கடைசி வீடு. அவர்களைக் குளிப்பாட்டி, உடுத்திவிட்டு, ஊட்டி, கழிப்பறைக்கு அழைத்துப்போய், தானாகப் புரள முடியாதவர்களைப் புண் வராமல் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிவிடுவதுதான் உன் வேலை. மலம் துடைக்க வேண்டியிருக்கும். அது தெரியாமல் சேர்ந்து இரண்டாம் வாரமே நின்றுபோன நம் பெண்களைப் பார்த்திருக்கிறேன். தெரிந்துகொண்டே வா.

அடுத்தது பணம். நான் 2006-இல் வந்த புதிதில், "வேலை உறுதி" என்று எழுதிப் போட்டிருந்த ஒரு பள்ளியில் கிரெடிட் கார்டில் 1,200 டாலர் கட்டினேன். வகுப்பு முடிந்தது, செய்முறைப் பயிற்சிக்கு நர்சிங் ஹோம் கிடைக்கவில்லை என்று இரண்டு மாதம் வீட்டில் உட்கார வைத்தார்கள். ஒருவழியாகத் தேறி வேலைக்குச் சேர்ந்தேன். ஒன்றரை வருடம் கழித்துத்தான், உடன் வேலை பார்த்த பெண் ஒருத்தி சொல்லி எனக்குச் சட்டம் தெரிந்தது. நர்சிங் ஹோம்களுக்காக 1987-இல் இந்த நாடு இயற்றிய சட்டம் அது. மெடிகேர், மெடிகெய்ட் என்ற அரசு மருத்துவக் காப்பீடுகளிலிருந்து பணம் பெறுகிற இல்லம் உன்னை வேலைக்கு எடுத்தோ, எடுப்பதாகச் சொல்லியோ பயிற்சிக்கு அனுப்பினால், பயிற்சிக்கும் தேர்வுக்கும் உன்னிடம் ஒரு காசு வாங்கக் கூடாது. சொந்தப் பணத்தில் படித்து, முடித்த 12 மாதத்துக்குள் அப்படிப்பட்ட இல்லத்தில் சேர்ந்தாலும் செலவைத் திரும்பக் கேட்கலாம். நான் ரசீதை எப்போதோ கிழித்துப் போட்டிருந்தேன். அந்தக் கடனை அடைக்க எத்தனை ஞாயிற்றுக்கிழமைகள் கூடுதலாக வேலை பார்த்தேன் என்பது இன்றும் மறக்கவில்லை. ஆகவே எந்தப் பள்ளி என்று என்னிடம் கேட்காதே. பக்கத்து நர்சிங் ஹோம்களில் நேரில் போய், "பயிற்சி கொடுத்து எடுத்துக்கொள்வீர்களா" என்று கேள். பள்ளியில்தான் சேர்வது என்றால், செய்முறை எந்த இல்லத்தில், எந்தத் தேதியில் என்பதை எழுத்தில் வாங்கு. ரசீதைப் பத்திரமாக வை.

நாடு முழுவதற்கும் குறைந்தது 75 மணி நேரப் பயிற்சி என்று அந்தச் சட்டம் சொல்கிறது. நம் மாநிலத்தில் 90, கலிபோர்னியாவில் 160. சான்று வாங்கிவிட்டு 24 மாதம் தொடர்ந்து இந்த வேலையே பார்க்காமல் இருந்தால் அது செல்லாது. ஊருக்குப் போய் இரண்டு வருடம் தங்குவதாக இருந்தால் இதை நினைவில் வை. எச்-4 விசாவில், அதாவது எச்-1பி வேலை விசாவில் இருப்பவரின் மனைவியாக, இருக்கிற தோழி யாராவது உன்னோடு சேர ஆசைப்பட்டால், வேலை அனுமதி அட்டை கைக்கு வரும்வரை பணம் கட்ட வேண்டாம் என்று சொல்.

மாமியார் விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் அதுதான் எனக்கு மனதில் தைத்தது. பக்கவாதத்தால் இடது கை விழுந்துவிட்ட ஒருவருக்குச் சட்டை போட்டுவிடச் சொன்னால் எந்தக் கையில் தொடங்குவாய்? நான் வலது கையில் தொடங்கினேன். இடது கை பாதியில் சிக்கிக்கொண்டது. அவர் வலியில் முகம் சுளித்தார், சத்தம் போடவில்லை. போடும்போது விழுந்த கை முதலில், கழற்றும்போது அது கடைசியில். இதைத் தெரியாதவள் ஒரு மனிதரைத் தினமும் காலையில் வதைப்பாள். பல்செட்டைக் கழுவுமுன் தொட்டியில் துணி விரிப்பது, நாடியை அறுபது விநாடி முழுதாக எண்ணுவது, ஊட்டும்போது நிமிர்த்தி உட்கார வைப்பது, அறையை விட்டு வருமுன் அழைப்பு மணி அவர் கைக்கெட்டும்படி இருக்கிறதா என்று பார்ப்பது, எல்லாம் படிப்புதான். பொங்கல் விழாவில் நம்மவர்கள் எங்கே வேலை என்று கேட்டால், இதே வேலை செய்கிற பெண்கள் "ஆஸ்பத்திரியில்" என்று முணுமுணுத்துவிட்டு நகர்கிறார்கள். எனக்கு அது பிடிக்காது. நான் பதினெட்டு வருடமாக வேலையின் முழுப் பெயரையும் சொல்லித்தான் பழக்கம். அவர்களுடைய பெற்றோர் வந்து விழுந்தால் என்னைத்தான் முதலில் கூப்பிடுகிறார்கள்.

முதுகை மட்டும் பார்த்துக்கொள். எனக்குத் தூக்கக் கற்றுக்கொடுத்தது பள்ளி இல்லை, ஹெய்ட்டியிலிருந்து வந்த ஒரு அம்மாள். சேர்ந்த முதல் வாரம் ஒரு பாட்டியை நாற்காலிக்கு மாற்றும்போது வலியில் என் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். மதிய இடைவேளையில் அந்த அம்மாள், நோயாளியைப் பிடித்து எழுப்ப அவர் இடுப்பில் கட்டுகிற துணிப் பட்டையைத் தன் இடுப்பில் தானே கட்டிக்கொண்டு கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். சக்கரத்தைப் பூட்டு, முழங்காலை மடக்கு, மூன்று வரை எண்ணு, நோயாளியை எழவிடு, நீ தூக்காதே என்றார். நான் குனிந்தபோதெல்லாம் முதுகில் தட்டினார். பத்துப் பதினைந்து தடவை எழுந்து உட்கார்ந்திருப்பார், அவருக்கு அப்போதே அறுபது வயது. அவருடைய சாப்பாடு மேசையில் ஆறிக்கொண்டிருந்தது.

சம்பளம் இல்லத்துக்கு இல்லம் மாறும், நேரில் கேட்டுக்கொள். பனிக்கு நல்ல பூட்ஸ் வாங்கு, வேலை ஷூவைப் பையில் கொண்டுபோ. ஏழு மணி ஷிஃப்டுக்கு நான் ஐந்தரை பஸ்ஸைப் பிடிப்பேன். ஒரு ஜனவரியில் பஸ் வரவே இல்லை. முழங்கால் வரை பனி, கைபேசியில் சார்ஜ் இல்லை. முக்கால் மணி நேரம் கழித்து எதிர்ப்பக்கமிருந்து ஒரு பழைய கார் திரும்பி வந்து நின்றது. அந்த அம்மாள்தான். பாதி வழி போனவர், நான் நிறுத்தத்தில் நிற்பேன் என்று நினைத்துத் திரும்பியிருக்கிறார். உள்ளே ஏறியதும் தன் கையுறையைக் கழற்றி என்னிடம் கொடுத்தார்.