நான்கு முறை வந்தது நான்கு நோயா?

கேள்வி: எங்கள் வீட்டில் இரண்டு வயதான நீல நிற லவ் பேர்ட் ஒன்று தனியாக வளர்கிறது. கடந்த எட்டு மாதங்களில் நான்கு முறை அதற்குச் சளி பிடித்துவிட்டது. தும்முகிறது, மூக்கின் மேல் ஈரம் தெரிகிறது, சிறகை உப்பிக்கொண்டு ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. பறவை வாங்கிய கடையில் கொடுத்த மஞ்சள் நிறப் பொடியைத் தண்ணீரில் கலந்து மூன்று நாள் வைத்தால் சரியாகிவிடுகிறது. சில வாரங்களில் மறுபடியும் வந்துவிடுகிறது. தினையைத் தவிர வேறு எதையும் தின்பதில்லை. கூண்டு பால்கனியில் இருக்கிறது. என் மகள் உதட்டில் சோறு வைத்து ஊட்டினால் ஆசையாகக் கொத்தித் தின்னும். எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும் நல்ல டானிக் ஏதேனும் சொல்ல முடியுமா?
— வாசகி, திருச்சி

பதில்: முதலில் உங்கள் கடைசிக் கேள்விக்கே பதில் சொல்லிவிடுகிறேன். டானிக் எதையும் நான் பரிந்துரைக்கப் போவதில்லை. உங்கள் பறவைக்கு நான்கு முறை நோய் வந்ததாக எழுதியிருக்கிறீர்கள். கடிதத்தை இரண்டு முறை படித்த பிறகு, வந்தது ஒரே நோய் என்றும், அது இன்றுவரை முழுவதுமாகப் போகவே இல்லை என்றும்தான் எனக்குத் தோன்றுகிறது.

நம் ஊரில் லவ் பேர்ட்ஸ் என்று அழைக்கப்படும் இந்தச் சிறு பறவையின் சரியான பெயர் பட்ஜெரிகர். உண்மையான லவ் பேர்ட் ஆப்பிரிக்காவைச் சேர்ந்த வேறு இனம். மருத்துவரிடம் போகும்போது பட்ஜி என்று சொல்லுங்கள். ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாட்டுப் பகுதியைச் சொந்த மண்ணாகக் கொண்ட பறவை என்பதால், இது நாளெல்லாம் சில மில்லிலிட்டர் தண்ணீர்தான் குடிக்கும். நோயுற்றால் அதையும் குறைத்துக்கொள்ளும். தண்ணீர் கசந்தால் கிண்ணத்தின் பக்கமே போகாது. அப்படியிருக்க, கிண்ணத்தில் கரைத்த மருந்தில் எவ்வளவு அதன் வயிற்றுக்குள் போயிற்று என்பதை யாராலும் சொல்ல இயலாது. கடைகளில் தரும் மஞ்சள் பொடி பெரும்பாலும் டெட்ராசைக்ளின் வகையைச் சேர்ந்த ஆன்டிபயாடிக். அரைகுறை அளவில் மூன்று நாள் கொடுத்து நிறுத்தினால், பலவீனமான கிருமிகள் மடிந்து, மருந்தைத் தாங்கக்கூடியவை தங்கிவிடுகின்றன. அதோடு, குடலில் இருக்கவேண்டிய நல்ல பாக்டீரியாக்கள் அழிந்து, அந்த இடத்தைக் கேண்டிடா போன்ற ஈஸ்ட் வகைகள் பிடித்துக்கொள்வதும் உண்டு. ஒவ்வொரு பொட்டலமும் அடுத்த நோய்க்கு இடம் ஒதுக்கிக் கொடுத்ததுபோல் ஆகிவிடுகிறது.

"சரியாகிவிடுகிறது" என்ற சொல்லையும் நான் ஐயத்தோடுதான் பார்க்கிறேன். கூட்டமாக வாழ்ந்து வல்லூறுகளுக்கு இரையாகும் பறவைகள், தங்கள் பலவீனத்தை வெளியே காட்டுவதில்லை. சிறகை உப்பிக்கொண்டு உட்கார்ந்துவிட்டது என்றால் நோய் தொடங்கிப் பல நாட்கள் ஆகியிருக்கும். மறுபடி துள்ளத் தொடங்கிவிட்டது என்றால், நோயை மறைக்கும் அளவுக்குத் தெம்பு வந்துவிட்டது என்றும் பொருள் கொள்ளலாம். ஆகவே கண்ணை நம்பாமல் தராசை நம்புங்கள். ஒரு கிராம் வரை காட்டும் சமையலறை டிஜிட்டல் தராசு ஒன்றை வாங்கி, அதன் மேல் ஒரு சிறு கிண்ணத்தையோ குச்சியையோ வைத்து, தினமும் காலையில் தீனி வைப்பதற்கு முன் எடை பார்த்து ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். கூண்டில் வளரும் பட்ஜி வழக்கமாக 30 முதல் 40 கிராம் வரை இருக்கும். 35 கிராம் பறவை 3 கிராமுக்கு மேல் இழந்தால், அது எவ்வளவு உற்சாகமாகக் கத்தினாலும் மருத்துவரிடம் போகவேண்டிய நாள் அதுதான்.

இனி, உள்ளே இருக்கும் நோய் எதுவாக இருக்கலாம்? கிளமிடியா சிட்டசி என்னும் பாக்டீரியா பறவைக்குள் ஒளிந்திருந்து, உடல் தளரும்போதெல்லாம் தலைகாட்டும். அதற்கு டாக்சிசைக்ளின் மருந்தை வழக்கமாக 45 நாட்கள் விடாமல் கொடுப்பார்கள். மூன்று நாள் வைத்தியத்தில் அது அடங்கியதுபோல் நடிப்பதில் வியப்பில்லை. தீனிப்பையில் வாழும் டிரைகோமோனாஸ் என்ற ஒட்டுண்ணியும் இருக்கலாம். அதற்கு இந்தப் பொடி எந்த வகையிலும் பயன்படாது. பூஞ்சையாக இருந்தாலும் அப்படியே. தினையை மட்டுமே தின்னும் பட்ஜிக்கு அயோடின் குறைந்து கழுத்துக்குள் தைராய்டு சுரப்பி வீங்குவதும் உண்டு; அது மூச்சுக்குழாயை அழுத்துவதால் மூச்சோடு கிளிக் கிளிக் என்று ஓசை வரும், வீட்டிலிருப்போர் அதையும் சளி என்றே நினைப்பார்கள். இத்தனையையும் வெளியிலிருந்து பார்த்துப் பிரித்தறிய முடியாது. தீனிப்பையிலிருந்து எடுக்கும் நீரும் புதிய எச்சமும் நுண்ணோக்கியின் கீழ் போகவேண்டும். தேவையானால் கிளமிடியாவுக்கான பிசிஆர் சோதனையும் செய்யவேண்டும்.

மருந்தைவிட நீண்ட நாள் வேலை உணவில் இருக்கிறது. தினையில் வைட்டமின் ஏ கிட்டத்தட்ட இல்லை. அந்தச் சத்து குறைந்தால் மூக்கு, வாய், மூச்சுக்குழாய் ஆகியவற்றின் உட்புறத்தை ஈரமாக வைத்துக் கிருமிகளைத் தடுக்கும் மென்தோல், காய்ந்த தோல்போலத் தடித்துவிடும்; பிறகு எந்தக் கிருமிக்கும் கதவு திறந்ததுதான். இதற்காகச் சொட்டு மருந்தை அள்ளி ஊற்றவேண்டாம், மிகுந்தாலும் வைட்டமின் ஏ நஞ்சுதான். முருங்கைக்கீரையோ கொத்தமல்லியோ நன்றாகக் கழுவி, ஈரத்தோடு ஒரு கொத்தாகக் கூண்டின் மேல்கம்பியில் கிளிப் போட்டுத் தொங்கவிடுங்கள். முதல் சில நாட்கள் உங்கள் பட்ஜி அதைப் பாம்பைப் பார்ப்பதுபோல் பார்க்கும். பிறகு அந்த ஈர இலையில் உடம்பைத் தேய்த்துக் குளிக்கும். குளிக்கும் சாக்கில் ஓர் ஓரத்தைக் கடிக்கும். அங்கேதான் பழக்கம் தொடங்குகிறது. துருவிய கேரட்டையும் இப்படியே பழக்கலாம். வாரக்கணக்கில் பொறுமை வேண்டும்; பட்டினி போட்டால் தின்றுவிடும் என்று தினையை நிறுத்தினால் இவ்வளவு சிறிய உடல் தாங்காது. அவகேடோ மட்டும் எந்நாளும் கூடாது.

தீனிக் கிண்ணத்தில் ஒரு தந்திரம் உண்டு. பட்ஜி தினையின் உமியை உரித்து அதே கிண்ணத்தில் போட்டுவிடும்; மேலே உமி நிறைந்திருப்பதைப் பார்த்து வீட்டார் தீனி இருக்கிறது என்று எண்ணிக்கொள்வார்கள். தினமும் வாயால் ஊதி உமியை நீக்குங்கள். மழைக்காலத்தில் மூட்டையிலிருந்து வாங்கிய தினையை முகர்ந்து பாருங்கள். மக்கிய வாடை அடித்தால் தயங்காமல் கொட்டிவிடுங்கள், பூஞ்சை பிடித்த தானியம் நுரையீரலுக்கே உலை வைக்கும். தண்ணீர்க் கிண்ணம் குச்சிக்கு நேர் கீழே இருக்கிறதா என்றும் கவனியுங்கள். இருந்தால், பறவை தன் எச்சத்தையே குடித்துக்கொண்டிருக்கிறது.

பால்கனியைப் பற்றி நீங்கள் ஒரு வரியில் எழுதிவிட்டுக் கடந்துவிட்டீர்கள், நானோ அங்கேயே நின்றுவிட்டேன். அங்கே மாடப்புறாக்கள் வருமானால், கிளமிடியா, டிரைகோமோனாஸ் இரண்டுமே அவற்றிடமிருந்து எச்சத்தின் வழியாகவோ பகிர்ந்த தண்ணீரின் வழியாகவோ வந்து சேரலாம். கூண்டை வீட்டுக்குள் வெளிச்சமும் காற்றும் வரும் அறைக்கு மாற்றுங்கள். சமையலறை வேண்டாம், ஒட்டாத பூச்சுள்ள நான்ஸ்டிக் பாத்திரம் அளவுக்கு மீறிச் சூடேறினால் வரும் வாயு சில நிமிடங்களில் பட்ஜியைக் கொன்றுவிடும். கொசுவர்த்திச் சுருள், ஊதுவத்தி, சாம்பிராணி ஆகியவற்றையும் அந்த அறையில் நிறுத்திவிடுங்கள். நுரையீரலோடு காற்றுப்பைகளும் கொண்டு மூச்சுவிடும் இந்தச் சிறு உடலுக்கு, நமக்கு மணமாகத் தோன்றும் புகை அத்தனையும் எரிச்சல்தான்.

மகளின் உதட்டுச் சோறு இன்றோடு நிற்கவேண்டும். அவளிடம் இதைக் கோபமாகச் சொல்லவேண்டாம். நம் வாயில் நமக்குத் தீங்கு செய்யாத சில பாக்டீரியாக்கள் பறவையின் குடலுக்குப் பகை என்று சொன்னால் புரிந்துகொள்வாள். தண்டு நீண்ட கொத்தமல்லியைக் கையில் பிடித்து ஊட்டும் வேலையை அவளிடம் ஒப்படைத்துவிடுங்கள். இது பறவைக்காக மட்டும் சொல்வதன்று. கிளமிடியா மனிதருக்கும் தொற்றிக் காய்ச்சல், வறட்டு இருமல், நிமோனியா வரை கொண்டுபோகும். வீட்டில் யாருக்கேனும் அப்படி வந்தால், வீட்டில் பறவை இருப்பதை மருத்துவரிடம் சொல்ல மறக்காதீர்கள். எச்சத்தட்டை முகக்கவசம் அணிந்து, தண்ணீர் தெளித்து நனைத்த பிறகே சுத்தம் செய்யுங்கள். காய்ந்த தூசியாகப் பெருக்கக்கூடாது.

மறுபடி உப்பிக்கொண்டு உட்கார்ந்தால், கூண்டின் ஒரு பக்கத்தைத் துணியால் மூடி, அந்தப் பக்கம் வெளியே ஒரு 40 வாட் குண்டு பல்பைத் துணியில் படாதபடி எரியவிட்டு 30 டிகிரி செல்சியஸ் அளவுக்கு வெதுவெதுப்பாக்குங்கள். மறுபக்கம் திறந்திருந்தால், சூடு மிகும்போது பறவையே நகர்ந்துகொள்ளும். மூச்சுக்கு மூச்சு வால் மேலும் கீழும் ஆடினால் அன்றே கிளம்பிவிடுங்கள்.

எங்கே போவது என்றால், உங்களுக்கு எட்டும் தூரத்தில் நாமக்கல்லிலும் ஒரத்தநாட்டிலும் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. சிறு பறவைகளைப் பார்க்கும் மருத்துவர் எந்த நாளில் இருப்பார் என்று முன்பே தொலைபேசியில் கேட்டுக்கொள்ளுங்கள். காலையில் எச்சத்தட்டைக் கழுவாமல், வெள்ளைத்தாள் விரித்து அதில் விழும் எச்சத்தை எடுத்துச் செல்லுங்கள். எடை நோட்டையும் மீதமிருக்கும் மஞ்சள் பொடியையும் காட்டுங்கள். டாக்சிசைக்ளின் எழுதிக் கொடுத்தால் ஒன்றைக் கவனிக்கவேண்டும். கூண்டில் கட்டியிருக்கும் கடல்நுரையில் (கணவாய் மீனின் ஓடு) உள்ள சுண்ணாம்புச் சத்து அந்த மருந்தைப் பிடித்துக்கொண்டு உடலில் சேரவிடாது. மருந்து முடியும்வரை அதைக் கழற்றி வைப்பதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். 45 நாள் என்றால் 45 நாள்தான். பத்தாம் நாளே அது பாடத் தொடங்கிவிடும், அப்போதும் நிறுத்தாதீர்கள்.