எட்டாம் வகுப்போடு அரசுப் பள்ளியை விட்டு மாற்றலாமா?

வணக்கம் சகோதரி. மகள் அரசுப் பள்ளியில் எட்டாம் வகுப்பு படிக்கிறாள், கணக்கில் தடுமாறுகிறாள், ஒன்பதாம் வகுப்புக்குத் தனியார் பள்ளியில் சேர்க்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து அவசரப்படாதீர்கள்.

தமிழ்நாட்டில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020-இல் வந்தது. அடுத்த ஆண்டே பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்ற படிப்புகளுக்கும் நீட்டித்தார்கள். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்பதுதான் அதன் அடிப்படை. நடுவில் இரண்டு வருடம் வெளியே போனாலும் அந்த வாய்ப்பு போய்விடும். கல்லூரியில் மாதம் 1000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டமும் அவள் எங்கே படித்தாள் என்று பார்த்துத்தான் தருகிறது. பெண் பிள்ளைக்கு இது சின்ன விஷயமே இல்லை.

அப்புறம், இந்த வருடமே என்.எம்.எம்.எஸ். என்ற மத்திய அரசின் கல்வி உதவித்தொகைத் தேர்வை எழுத வையுங்கள். எட்டாம் வகுப்பில் மட்டும்தான் எழுத முடியும். தேர்வானால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய். விண்ணப்பம் பள்ளி வழியாகத்தான், தலைமை ஆசிரியரிடம் நாளைக்கே கேளுங்கள். மனத்திறன் தாளில் 90 கேள்விகள், 90 நிமிடம். எண் தொடர், உருவ வரிசை எல்லாம் தினமும் அரை மணி நேரம் பழகினால் பிடிபடும்.

கணக்குக்கு ஒன்பதாம் வகுப்புப் பாடத்தைத் தொடவே வேண்டாம். ஆறாம் வகுப்புப் புத்தகத்தில் பின்னங்கள் பாடத்தை எடுத்து, நீங்கள் பக்கத்தில் உட்கார, அவளையே உங்களுக்குச் சொல்லித்தரச் சொல்லுங்கள். என் அண்ணன் மகளுக்கு அங்கேதான் சிக்கல் இருந்தது; அது அவிழ்ந்ததும் இயற்கணிதம் தானாக வந்தது.