பெரிகோர் மேடுபள்ளங்களில் சாலை சைக்கிள்: கேள்விகளும் பதில்களும்

பிரான்சின் தென்மேற்கே, தோர்தோஞ் ஆற்றை ஒட்டிக் கிடக்கும் பெரிகோர் பகுதியில் சைக்கிள் ஓட்ட வருகிறவர்கள் அனுப்பிய கேள்விகளை இங்கே சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன். ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாக்கிவிட்டேன். ஆல்ப்ஸ், பிரெனே மலைகள் பற்றிக் கேட்டவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். அது வேறு ஆட்டம்.

சென்னையில் ஈ.சி.ஆரில் ஞாயிறுதோறும் 100 கி.மீ. ஓட்டுகிறேன். அங்கேயும் தினம் 100 ஓட்டலாமா?

முதல் நாளே வேண்டாம். 55, 60 போதும். ஈ.சி.ஆரில் உங்களைப் படுத்துவது எதிர்க்காற்று. இங்கே படுத்துவது தரை. பெரிய மலை ஒன்றும் கிடையாது, ஆற்றங்கரைக்கும் மேட்டு நிலத்துக்கும் நூற்றைம்பது, இருநூறு மீட்டர்தான் வித்தியாசம். ஆனால் ஏறி முடித்து மூச்சு வாங்குவதற்குள் சாலை இறங்கி, ஓர் ஓடையைத் தாண்டி, மறுபடி ஏறத் தொடங்கிவிடும். சாயங்காலம் பார்த்தால் 60 கி.மீ.யில் 900 மீட்டர் ஏற்றம் சேர்ந்திருக்கும்.

"ஏறும்போது போன நேரத்தை இறங்கும்போது பிடித்துவிடலாம்" என்று பலர் நினைக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கிலோமீட்டர் ஏற்றத்தை மணிக்கு 10 கி.மீ. வேகத்தில் ஏறினால் 6 நிமிடம். அதே தூரத்தை 40இல் இறங்கினால் ஒன்றரை நிமிடம். இரண்டும் சேர்ந்து ஏழரை நிமிடம், அதாவது சராசரி 16தான். வளைவுகளில் பிரேக் பிடிப்பதை இதில் சேர்க்கவே இல்லை. ஆகவே வழியைத் திட்டமிடும்போது கிலோமீட்டரைப் பார்ப்பதை விட்டுவிட்டு மொத்த ஏற்றம் எத்தனை மீட்டர் என்று பாருங்கள்.

என் சைக்கிளில் பல்சக்கரங்களின் பற்கள் முன்னால் 52/36, பின்னால் 11–28. மாற்ற வேண்டுமா?

மாற்றினால் கால்முட்டி உங்களை வாழ்த்தும். முன்னால் 36 பல், பின்னால் 28 பல் வைத்துப் பெடலை ஒரு சுற்று சுற்றினால் சைக்கிள் ஏறக்குறைய 2.7 மீட்டர் நகரும். செங்குத்தான இடத்தில் வேகம் 8 கி.மீ.க்கு விழுந்தால், நிமிடத்துக்கு 49 சுற்றுதான் வரும். அது மிதிப்பதில்லை, உந்தித் தள்ளுவது. முன்னால் 34, பின்னால் 32 இருந்தால் அதே வேகத்தில் 59 சுற்று வரும். ஒரு ஏற்றத்துக்கு இது பெரிய விஷயமில்லை, ஒரே நாளில் பத்துப் பன்னிரண்டு ஏற்றம் என்றால்தான் வித்தியாசம் தெரியும். செலவைக் குறைக்க வேண்டுமென்றால் பின்சக்கரப் பல்சக்கரத் தொகுப்பான கேசட்டை மட்டும் மாற்றுங்கள், செயினைப் பல் விட்டுப் பல் மாற்றும் உங்கள் டிரெய்லியர் எவ்வளவு பெரிய பல்சக்கரத்தைத் தாங்கும் என்று கடைக்காரரிடம் கேட்டுக்கொண்டு.

டயர் 28 மி.மீ. போடுங்கள். கோடை தொடங்கும்போது கிராமச் சாலைகளில் தார் தெளித்துப் பொடிஜல்லியைக் கொட்டிவிட்டுப் போவார்கள், வண்டிகள் ஓடி ஓடித்தான் அது பதியும். 'கிராவியோன்' என்ற எச்சரிக்கைப் பலகை கண்ணில் பட்டால் வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிடுங்கள்.

இன்னொன்று, யாரும் கேட்கவில்லை, நானே சொல்கிறேன்: பெடலில் மாட்டிக்கொள்ளும் சாலைப் பந்தயக் கிளீட் அடியில் துருத்திக்கொண்டிருக்கும் ஷூ வேண்டாம். கிராமத்துக்குள் பாதி நேரம் கற்பாவிய சந்துகளில் நடக்கத்தான் போகிறீர்கள். மவுண்டன் பைக் ஷூவில் கிளீட் உள்ளே பதிந்திருக்கும், அதுதான் சரி.

ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது. எந்த வழி?

சார்லா என்ற ஊரிலிருந்து கிளம்பி தோம், காஸ்தெல்நோ, பெனாக், லா ரோக்-கஜாக் ஊர்களைப் பார்த்துவிட்டுச் சார்லாவுக்கே திரும்புங்கள். 45 கி.மீ. சுற்று. வேகமாக ஓட்டினால் காலையிலேயே முடிந்துவிடும், தயவுசெய்து அப்படி முடிக்காதீர்கள்.

சார்லாவிலிருந்து ஆற்றுக்கு இறங்கி, பாலம் தாண்டியதும் தோம் ஏற்றம். ஆற்றுமட்டத்திலிருந்து 150 மீட்டர் மேலே, மதிலுக்குள் இருக்கிற ஊர். 1281இல் பிரெஞ்சு அரசன் மூன்றாம் பிலிப் திட்டம் போட்டுக் கட்டிய கோட்டை ஊர் இது. இங்கே 'பஸ்தீத்' என்பார்கள். தெற்கே மோன்பாசியே இருக்கிறதே, அதைச் சில ஆண்டுகளிலேயே இங்கிலாந்து அரசன் முதலாம் எட்வர்ட் கட்டினான். இரண்டு அரசர்களும் போட்டி போட்டுக்கொண்டு எல்லையில் ஊர் கட்டிய காலம். தோம் வாசல் கோபுரத்தில், 1307க்குப் பிறகு அடைத்து வைக்கப்பட்ட தெம்ப்ளார் என்ற கிறிஸ்தவத் துறவிப் படை வீரர்கள் சுவரில் கீறிய உருவங்கள் இருக்கின்றன.

ஊர்களெல்லாம் ஏன் உச்சியில் இருக்கின்றன என்று மிதிக்கும்போது கோபம் வரும். காஸ்தெல்நோவில் நின்று பார்த்தால் காரணம் புரிந்துவிடும். எதிர்க்கரையில் பெனாக் கோட்டை. நூறாண்டுப் போரில் பெரும்பாலும் அது பிரெஞ்சுப் பக்கம், காஸ்தெல்நோ நெடுங்காலம் ஆங்கிலேயர் பக்கம். நடுவில் ஆறுதான் எல்லை. அந்தப் போரின் கடைசிப் பெரிய சண்டை நடந்ததும் இதே ஆற்றின் கீழ்ப்பகுதியில்தான், 1453இல் காஸ்தியோனில்.

லா ரோக்-கஜாக் செங்குத்துப் பாறைக்கு அடியில் ஒட்டியிருக்கும் ஊர். 1957 ஜனவரியில் பாறை இடிந்து விழுந்து மூன்று பேர் இறந்தார்கள். படம் எடுக்கிறவர்கள் எல்லாரும் ஆற்றுப் பக்கம் நின்று எடுப்பார்கள், நீங்கள் சைக்கிளை நிறுத்திவிட்டு மேல் சந்துகளில் ஏறுங்கள்.

ஆற்றோரச் சாலையில் கார்கள் பயமுறுத்துகின்றன என்று படித்தேன். உண்மையா அண்ணா? (பாரிஸிலிருந்து)

உண்மைதான் தம்பி. ஜூலை, ஆகஸ்டில் டி703 சாலையைத் தவிர்த்துவிடு. பெனாக்கில் ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் ஆறு, நடுவில் ஒடுக்கமான சாலை. கேரவன் இழுத்துக்கொண்டு வருகிற கார்கள் வேறு. இந்த நெரிசலுக்காகத்தான் ஊரைச் சுற்றிப் புறவழிச்சாலை கட்டத் தொடங்கினார்கள். பாலத்தூண்கள் ஆற்றில் எழுந்த பிறகு 2018 டிசம்பரில் உச்ச நிர்வாக நீதிமன்றம் வேலையை நிறுத்தியது. 2019இல் போர்தோ நிர்வாக நீதிமன்றம் கட்டியதை இடிக்கச் சொல்லித் தீர்ப்புக் கொடுத்தது. உள்ளூரில் இதைப் பற்றிப் பேச்செடுத்தால் காபி ஆறிவிடும்.

மேலே சொன்ன ஒருநாள் சுற்றில் போவதானால் பெனாக், லா ரோக் பகுதியைக் காலை ஒன்பதுக்கு முன்பு முடிப்பதுபோல் திசையைத் திருப்பிக்கொள். மற்றபடி மிஷ்லான் வரைபடத்தில் வெள்ளையாக இருக்கும் சாலைகளைப் பிடி. அதிலேயே ஏற்றத்தை அம்புக்குறியாகப் போட்டிருப்பார்கள்: ஒன்று என்றால் 5 முதல் 9 சதவீதம், இரண்டு என்றால் 13 வரை, மூன்று என்றால் அதற்கும் மேல். மூன்று அம்பு இருந்தால் சாப்பிட்ட உடனே போகாதே.

கார் ஊருக்கு வெளியே உன்னை முந்தும்போது ஒன்றரை மீட்டர், ஊருக்குள் ஒரு மீட்டர் இடம் விட வேண்டும் என்பது சட்டம். உனக்கும் ஒரு சட்டம் உண்டு: பலகை எதுவும் இல்லாத சந்திப்பில் வலப்பக்கத்திலிருந்து வருகிறவருக்கே முன்னுரிமை. சின்னச் சந்திலிருந்து டிராக்டர் நிற்காமல் வரும், தப்பு அவர் மேல் இல்லை.

பத்து வயது மகளோடு வருகிறோம். எங்களுக்கு முடியுமா?

முடியும் அக்கா. சார்லாவிலிருந்து சுயாக் பக்கம் போகிற பழைய ரயில் தடத்தைச் சைக்கிள் பாதையாக்கியிருக்கிறார்கள். ரயில் ஏறிய சரிவு என்பதால் பிள்ளையும் ஏறிவிடும். 12 வயதுக்குக் கீழே ஹெல்மெட் கட்டாயம், இல்லாவிட்டால் கூட வரும் பெரியவருக்கு 135 யூரோ அபராதம். காதில் இயர்போன் மாட்டிக்கொண்டு ஓட்டுவதும் குற்றம், பெரியவர்களுக்கும்தான்.

சைவம் மட்டும் சாப்பிடுவேன். பட்டினிதானா?

வாத்து நாட்டுக்கு வருகிறீர்கள், கொஞ்சம் உஷார் வேண்டும். 'சார்லா உருளைக்கிழங்கு' என்று பூண்டு வாசனையோடு வரும். பார்த்தால் சைவம், பொரித்தது வாத்துக் கொழுப்பில். ரோகமதூர் ஆட்டுப்பாலாடைக்கட்டி போட்ட சாலட் கிடைக்கும், கொழுப்போ பன்றி இறைச்சித் துண்டோ வேண்டாமென்று முன்பே சொல்லிவிடுங்கள். பாலை உறையவைக்கக் கன்றின் இரைப்பைச் சாறு சேர்ப்பது இங்கே மரபு, அதுவும் ஆகாது என்பவர்கள் பாலாடைக்கட்டியையே தவிர்க்கவும். வால்நட் இந்த மண்ணின் விளைச்சல், வால்நட் கேக் ஒரு துண்டு சட்டைப் பையில் இருந்தால் இரண்டு ஏற்றம் தாண்டலாம்.

சாப்பாட்டைவிட நேரம்தான் பெரிய சிக்கல். உணவகத்தில் மதியம் பன்னிரண்டிலிருந்து இரண்டுக்குள் உட்கார்ந்தாக வேண்டும். அந்த நேரத்தில் சின்ன ஊர்க் கடைகள் பூட்டியிருக்கும், திங்கட்கிழமை பல ரொட்டிக்கடைகளும் திறப்பதில்லை. பதினொன்றரைக்கு ஒரு ஊரில் இருக்கிறீர்கள், அடுத்த ஊர் 15 கி.மீ. என்றால் இங்கேயே வாங்கிவிடுங்கள்.

தண்ணீர்?

கல்லறைத் தோட்டங்களில் குழாய் இருக்கும். சங்கடப்பட வேண்டாம், பிரெஞ்சு சைக்கிள்காரர்கள் எல்லாரும் அங்கேதான் பிடிக்கிறார்கள். 'நோன் பொதாப்ல்' என்று எழுதியிருந்தால் குடிக்காதீர்கள், தலையில் ஊற்றிக்கொள்ளலாம்.

லாஸ்கோ குகைக்குச் சைக்கிளில் போகலாமா?

ஆதிமனிதர் ஓவியம் உள்ள அந்தக் குகை மோந்தினியாக் ஊருக்குப் பக்கத்தில். லேசெசி ஊரிலிருந்து மோந்தினியாக் வரை வெசேர் ஆற்றை ஒட்டிப் போங்கள், ஏற்றம் குறைவு. அசல் குகை 1940இல் கண்டுபிடிக்கப்பட்டு, பார்வையாளர்களின் மூச்சால் ஓவியம் கெட ஆரம்பித்ததும் 1963இல் மூடப்பட்டது. இப்போது பார்ப்பது 2016இல் திறந்த நகல். நகல்தானே என்று ஒதுக்காதீர்கள், பிரமாதமாகச் செய்திருக்கிறார்கள்.

தூர் த பிரான்ஸ் சைக்கிள் பந்தயம் ஓடிய ஏற்றம் ஏதாவது?

சார்லாவுக்குக் கிழக்கே ரோகமதூர். 2022இல் லாகபெல்-மரிவாலிலிருந்து அங்கே முடிந்த 40.7 கி.மீ. தனிநபர் நேரப் பந்தயத்தை வவுட் வான் ஆர்ட் வென்றார். கடைசி ஏற்றம் ஒன்றரை கி.மீ., சராசரி 7.8 சதவீதம். மேலே ஏறி நின்றால் பாறையில் தொங்குகிற ஊர் முழுதும் தெரியும். அவருக்குத் திரும்பிப் பார்க்க நேரமில்லை, உங்களுக்கு உண்டு.

பாரிஸிலிருந்து சைக்கிளை எப்படிக் கொண்டுவருவது? எந்த மாதம்?

டி.ஜி.வி. என்ற அதிவேக ரயிலில் போர்தோ வரை, அங்கிருந்து சார்லாவுக்கு உள்ளூர் ரயில். டி.ஜி.வி.யில் சக்கரங்களைக் கழற்றிப் பையில் போட்டு ஏற்றலாம், முழுச் சைக்கிளாக என்றால் அதற்கு இடமுள்ள வண்டியில் முன்பதிவு தேவை. உள்ளூர் ரயிலில் அப்படியே உருட்டி ஏற்றலாம், ஆனால் கோடையில் சைக்கிள் மாட்டும் கொக்கிகள் நிறைந்துவிடும், முதல் ரயிலைப் பிடியுங்கள். மாதம் என்றால் மே, ஜூன் அல்லது செப்டம்பர். புதன், சனிக்கிழமை காலையில் சார்லாவில் சந்தை, நடு ஊருக்குள் சைக்கிளை உருட்டக்கூட முடியாது. அன்றைக்குச் சந்தை கூடுமுன் கிளம்பிவிடுங்கள்.