இடது பக்கத்து ஞானப்பல்

அன்புள்ள ஐயா,

வணக்கம். எனக்குக் கீழ்த்தாடையில் இரண்டு பக்கமும் ஞானப்பல் சாய்ந்து முளைத்து எலும்புக்குள் பாதி புதைந்திருக்கிறது. வலது பக்கம் இரண்டு முறை வீங்கி, வாய் திறக்க முடியாமல் போய், மாத்திரையில் சரியானது. இடது பக்கம் இதுவரை ஒரு தொந்தரவும் இல்லை. வலது பல்லை எடுக்கப் போன இடத்தில் ஓர் ஆராய்ச்சி நடக்கிறது, சேர விருப்பமா என்று கேட்டார்கள். இரண்டு பற்களையும் எடுத்துவிட்டு, ஒரு குழியில் என் இரத்தத்திலிருந்தே பிரித்த பி.ஆர்.எஃப் என்ற ஒன்றை வைத்துத் தைப்பார்களாம். மறு குழியைச் சும்மா தைப்பார்களாம். எந்தப் பக்கத்துக்கு எது என்பதைச் சீட்டுப் போட்டு முடிவு செய்வார்களாம். என் வாயில் சீட்டுக் குலுக்குவதா என்று வீட்டில் கோபப்படுகிறார்கள். எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. சோதனை எலி ஆக்கப் பார்க்கிறார்களா? கையெழுத்துப் போடலாமா?

அன்புடன்,
ம.

அன்புள்ள ம.,

உங்கள் வீட்டில் எல்லோரும் சீட்டைப் பார்த்துப் பயப்படுகிறார்கள். நான் நின்றது வேறு இடத்தில்: ‘இடது பக்கம் இதுவரை ஒரு தொந்தரவும் இல்லை.’ அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் சீட்டு.

எந்தப் பக்கத்துக்கு எது என்பதை மருத்துவரின் விருப்பத்துக்கு விட்டால் என்ன ஆகும்? கஷ்டப்பட்டு எடுத்த பல்லின் குழி பெரிதாக, கிழிசலாக இருக்கும். ‘பாவம், இந்தப் பக்கத்துக்கே வைத்துவிடுவோம்’ என்று கை போகும். இல்லையென்றால், புது முறை ஜெயிக்க வேண்டும் என்ற ஆசையில் சுலபமாக வந்த பக்கத்துக்குப் போகும். இரண்டும் கெட்ட எண்ணத்தில் நடப்பதில்லை. ஆனால் கடைசியில் நாம் ஒப்பிடுவது பி.ஆர்.எஃப்-ஐ அல்ல, சுலபமான பல்லையும் கடினமான பல்லையும். சீட்டு இதைத்தான் தடுக்கிறது. அதனால் நீங்கள் கேட்க வேண்டியது, சீட்டை மூடி வைத்திருக்கும் உறையை எப்போது பிரிப்பார்கள் என்று. பல்லை எடுத்து, குழியைக் கழுவி, தைக்க ஊசியைக் கையில் எடுக்கும்போது பிரிக்கிறார்கள் என்றால், வேலை தெரிந்தவர்கள் நடத்தும் ஆய்வு. காலையிலேயே பிரித்து மேசைமேல் வைத்துவிடுகிறார்கள் என்றால், எந்தப் பக்கம் எலும்பை மென்மையாக ராவ வேண்டும் என்று மருத்துவரின் கைக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும்.

சீட்டுப் போடாமலே தீர்த்துவிட்டதாக நினைத்த கேள்விகள் எங்கள் துறையில் நிறைய. வாய்ப் புற்றுநோய் ஆரம்ப நிலையில் இருக்கிறது, கழுத்தில் நெறிகட்டியும் இல்லை என்றால், கட்டியோடு சேர்த்துக் கழுத்து நிணநீர் முடிச்சுகளையும் அப்போதே எடுப்பதா, வந்தால் பார்த்துக்கொள்வதா? பல பத்தாண்டுகள் இரண்டு கட்சியும் தங்கள் அனுபவத்தை முன்வைத்துச் சண்டை போட்டன. மும்பை டாடா நினைவு மருத்துவமனையில் 2004 முதல் 2014 வரை 596 நோயாளிகளைச் சீட்டு முறையில் பிரித்துப் பார்த்தார்கள். முதல் 500 பேரின் கணக்கு 2015-ல் வெளிவந்தது. முதலிலேயே கழுத்து முடிச்சுகளையும் எடுத்துக்கொண்டவர்களில் 3 ஆண்டுகள் கழித்து உயிரோடிருந்தவர்கள் 80 சதவீதம், காத்திருந்தவர்களில் 67.5 சதவீதம். காத்திருந்த பக்கத்தில் விழுந்தவர்களை நினைத்தால் மனசு கனக்கத்தான் செய்கிறது. ஆனால் அந்த ஆய்வு நடக்காதிருந்தால் அதே இழப்பு யாரும் எண்ணாமல், உலகமெங்கும் தொடர்ந்திருக்கும்.

சரி, சீட்டுப் போட்டுவிட்டால் போதுமா? போதாது. கதிர்வீச்சு வாங்கிய தாடையில் பல் பிடுங்கினால் சில சமயம் எலும்பு ஆறாமல் செத்துப்போகும். இதைத் தடுக்க, அழுத்தம் கூட்டிய அறைக்குள் நோயாளியை உட்காரவைத்து ஆக்சிஜன் கொடுக்கும் முறை ஒன்று உண்டு. ராபர்ட் மார்க்ஸ் என்ற அமெரிக்கத் தாடை அறுவை மருத்துவர் 1985-ல் 74 பேரை வைத்து ஒரு சீட்டு ஆய்வு வெளியிட்டார். பென்சிலின் மட்டும் பெற்றவர்களில் கிட்டத்தட்ட 30 சதவீதம் பேருக்கு எலும்பு செத்தது, ஆக்சிஜன் பெற்றவர்களில் 5.4 சதவீதம். அதை நம்பிப் பல வருடங்கள் எத்தனையோ பேர் 20 முறை பல்லுக்கு முன்னும் 10 முறை பின்னும் அந்த அறைக்குள் போய் உட்கார்ந்தார்கள். பிறகு ஹோபான் என்ற ஆய்வு 144 பேரைச் சேர்த்தது. இரண்டு பிரிவினருக்கும் ஆன்டிபயாட்டிக்கும் வாய் கொப்பளிக்கும் மருந்தும் உண்டு, ஆக்சிஜன் மட்டும் ஒரு பிரிவினருக்கு. யாருக்கு எது என்று தெரியாத ஒரு குழு, புகைப்படத்தையும் எக்ஸ்ரேயையும் மட்டும் பார்த்துத் தீர்ப்பு சொன்னது. 2019-ல் வந்த முடிவு: எலும்பு செத்தது ஆக்சிஜன் பெற்றவர்களில் 6.4 சதவீதம் பேருக்கு, பெறாதவர்களில் 5.7. வித்தியாசமே இல்லை. இடையில் கதிர்வீச்சு கொடுக்கும் விதமும் மாறியிருக்கிறது, அதையும் சொல்லிவிட வேண்டும்.

இதே மார்க்ஸ்தான் 2003-ல், எலும்புக்கான பிஸ்பாஸ்பனேட் மருந்து வாங்கிய 36 பேருக்குத் தாடை எலும்பு ஆறாமல் வெளியே தெரிகிறது என்று ஒரு பத்திரிகைக்குக் கடிதம் போட்டார். சீட்டும் இல்லை, ஒப்பிட இன்னொரு குழுவும் இல்லை. ஆனாலும் அவர் சொன்னது நிலைத்தது. இன்று அந்த மருந்து எடுப்பவர்களிடம் பல் பிடுங்கும் முன் உலகமெங்கும் கேள்வி கேட்கிறார்கள். இதற்குமுன் யாரும் பார்த்திராத ஒரு நோயைக் கண்டுபிடிக்கக் கூர்ந்த கண் போதும். இரண்டு சிகிச்சையில் எது தேவலை என்று சொல்லத்தான் சீட்டும், யாருக்கு எது என்ற மறைப்பும், போதுமான தலைகளும் வேண்டும்.

இனி உங்கள் ஆய்வு. ஒரே வாயின் இரண்டு பக்கத்தையும் ஒப்பிடுவதை ஸ்ப்ளிட் மௌத் என்பார்கள். வயது, புகைப்பழக்கம், வலி தாங்கும் சக்தி எல்லாம் இரண்டு பக்கத்துக்கும் பொது என்பதால் குறைந்த ஆட்களிலேயே முடிவு தெரியும். பி.ஆர்.எஃப் இதற்குத் தோதான விஷயம். கையிலிருந்து கொஞ்சம் இரத்தம் எடுத்து, உறையாமல் தடுக்கும் மருந்து எதுவும் சேர்க்காமல் உடனே சுழற்றினால், குழாயின் நடுவே மஞ்சள் ஜெல்லி மாதிரி ஒரு கட்டி திரளும். அதைக் குழியில் வைப்பது அந்தக் குழியோடு நின்றுவிடும் என்று எடுத்துக்கொள்ளலாம். ஸ்டீராய்டு மாத்திரையைச் சோதித்தால் இப்படிச் செய்ய முடியாது, மருந்து இரண்டு பக்கமும் ஓடிவிடும். உங்கள் இரண்டு பல்லையும் ஒரே நாளில் எடுப்பார்களா என்று கேளுங்கள். ஒரே நாளில் எடுத்துவிட்டு, எந்தப் பக்கம் எவ்வளவு வலி என்று, ஒரு முனை வலியே இல்லை, மறு முனை தாங்க முடியாத வலி என்ற 100 மில்லிமீட்டர் கோட்டில் குறிக்கச் சொன்னால், எது எந்தப் பக்கத்து வலி என்று குறிக்கிற உங்களுக்கே தெரியாது.

வீக்கத்தை அளப்பதைப் பலமுறை பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். காதுக்கு முன்னாலிருக்கும் சின்ன மடலிலிருந்து வாயோரம் வரை ஒரு டேப், அதே மடலிலிருந்து தாடை நுனி வரை இன்னொன்று, கண்ணோரத்திலிருந்து தாடைக் கோணம் வரை மூன்றாவது. அறுவைக்கு முன் ஒருமுறை, வீக்கம் உச்சத்தில் இருக்கும் இரண்டாம் மூன்றாம் நாளில் ஒருமுறை. அப்புறம் மேல் பல்லுக்கும் கீழ்ப் பல்லுக்கும் நடுவே வெர்னியர் அளவுகோல் வைத்து, எவ்வளவு வாய் திறக்கிறது என்று பார்ப்பார்கள். அவசரத்தில் இருக்கும் ஜூனியர் அளந்தால் 24 மில்லிமீட்டர் திறக்கும் வாய், ‘மெதுவா, இன்னும் கொஞ்சம், அவ்வளவுதான்’ என்று ஒருவர் பேச்சுக் கொடுத்தால் 28 திறக்கும். அளப்பவருக்கு எது பி.ஆர்.எஃப் பக்கம் என்று தெரிந்திருந்தால் டேப்பை இழுக்கிற இழுப்பிலேயே முடிவு மாறிவிடும். அளப்பவர் வேறு, அறுத்தவர் வேறு என்றால் எனக்கு நிம்மதி.

அளக்க முடிவதை மட்டுமே அளக்கிற பழக்கமும் எங்களுக்கு உண்டு. ஞானப்பல் அறுவையில் நோயாளியை வருடக்கணக்கில் வருத்தக்கூடியது கீழுதடு மரத்துப்போவது. பல்லின் வேருக்குக் கீழே ஓடும் நரம்பு அடிபட்டால் வரும், அபூர்வம். 30 பேரை வைத்து நடத்தும் ஆய்வில் ஒருவருக்குக்கூட அது வரவில்லை என்று எழுதுவார்கள். ஆனால் 30-ல் ஒன்றும் இல்லை என்பது, உண்மையான ஆபத்து பத்தில் ஒன்று வரை இருப்பதைக்கூட மறுக்காது. வீக்கம் எப்படியும் ஒரு வாரத்தில் வடிகிற சமாச்சாரம். அதைப் பற்றி இத்தனை ஆய்வு தேவையா என்று எனக்கு எரிச்சல் வருவதுண்டு. ட்ரை சாக்கெட் என்கிற, மூன்று நான்கு நாள் கழித்து உயிர் போகிற மாதிரி வலிக்கும் குழியை உங்கள் ஆய்வு கணக்கெடுக்கிறதென்றால் அது உருப்படியான விஷயம்.

இப்போது இடது பல். ஸ்ப்ளிட் மௌத் ஆய்வுக்கு இரண்டு பல் வேண்டும், ஒரே மாதிரி சாய்ந்த இரண்டு பல். அதாவது உங்கள் இடது பல்லை எடுப்பது உங்களுக்கு வேண்டுமோ இல்லையோ, ஆய்வுக்கு வேண்டும். புதைந்திருந்தாலும் நோயில்லாத ஞானப்பல்லை முன்கூட்டியே எடுக்க வேண்டாம் என்று எந்தச் சிகிச்சை தேவை என்று மருத்துவர்களுக்கு வழிகாட்டும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2000-ல் வழிகாட்டுதல் வெளியிட்டது. இதை ஏற்காத மருத்துவர்களும் உண்டு. முன்னால் இருக்கும் கடைவாய்ப்பல் சத்தமில்லாமல் சொத்தையாகும், வயதானால் எடுப்பது கடினம் என்பது அவர்கள் வாதம், அதிலும் நியாயம் இருக்கிறது. அதனால் எக்ஸ்ரேயைக் காட்டி இப்படிக் கேளுங்கள்: ‘இந்த ஆராய்ச்சியே இல்லையென்றால் இடது பல்லை எடுக்கச் சொல்வீர்களா?’ பக்கத்துப் பல்லில் சொத்தை, ஈறுக்குள் ஆழமான பை என்று படத்தில் விரலை வைத்துக் காரணம் காட்டினால் சேருங்கள். இடது பல் அவர்களின் எண்ணிக்கைக்காகத்தான் என்று தோன்றினால் வேண்டாம். வலது பல்லை மட்டும் எடுத்துக்கொண்டு வாருங்கள். மறுத்தால் சிகிச்சை குறையக் கூடாது, சேர்ந்த பிறகும் எப்போது வேண்டுமானாலும் விலகலாம். இரண்டும் நீங்கள் கையெழுத்துப் போடும் படிவத்திலேயே எழுதியிருக்க வேண்டும். நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் எண்ணும் அதில் இருக்கிறதா என்று பாருங்கள்.

சேர்ந்தால் ஒன்று மட்டும். மூன்றாம் நாள் வீக்கமே இல்லை, நன்றாக இருக்கிறது என்று வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள். நன்றாக இருப்பவர்கள் வராமல், வலிக்கிறவர்கள் மட்டும் வந்து அளந்துவிட்டுப் போனால் அந்த ஆய்வு ஒன்றுக்கும் உதவாது.

அன்புடன்.