கெட்டிலில் வேகாத மேகி

வணக்கம் சார்,

விடுதியில் தங்கிப் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். மெஸ் எட்டரைக்கே மூடிவிடும். பதினொரு மணிப் பசிக்குக் கெட்டில்தான் கதி. மேகியைப் போட்டால் பாதி வேகும்போதே அணைந்துவிடுகிறது. ஸ்விட்சைத் தட்டினாலும் உயிர் வருவதில்லை. ஆனால் காலையில் ஒழுங்காக ஓடுகிறது! போன வாரம் இன்டர்னலுக்கு முந்தின ராத்திரி பக்கத்து அறையில் அயர்ன் பாக்ஸ், இங்கே கெட்டில்; கொஞ்ச நேரத்தில் வராண்டா முழுக்கக் கரன்ட் போய்விட்டது. கெட்டிலை மாற்றிவிடவா?

– விடுதி மாணவன்

அன்புள்ள தம்பி,

மாற்ற வேண்டாம். உங்கள் கெட்டில் சரியாகத்தான் வேலை செய்கிறது.

தண்ணீர் கொதித்ததும் ஆவி ஒரு துளை வழியாக ஸ்விட்ச் பக்கம் போகும். அங்கே இரண்டு உலோகங்களை ஒட்டிச் செய்த சின்னத் தகடு சூட்டில் சட்டென்று வளைந்து ஸ்விட்சைத் தள்ளிவிடும். மூடியைத் திறந்து வைத்தால் ஆவி அங்கே போகாது, கெட்டில் அணையாமல் கொதித்துக்கொண்டே இருக்கும். மேகி போடுகிறவர்கள் எல்லோரும் செய்வது இதைத்தான். அப்போது மாவுக்கஞ்சி அடியில் பிடிக்கும். சூடு தண்ணீருக்குப் போகாமல் அடித்தட்டிலேயே தங்கும். கெட்டில் காலியாக எரிகிறது என்று நினைத்து, அடியில் இருக்கும் இன்னொரு தகடு கரன்டை வெட்டிவிடும். அது ஆறும்வரை என்ன தட்டினாலும் பயனில்லை. பொங்கி வழியும் நுரை கீழே பிளக் பொருந்தும் இடத்தில் இறங்கினால்தான் கெட்டில் நிஜமாகவே போகும்.

மேகி ஏற்கெனவே வெந்து, எண்ணெயில் பொரிந்து வருகிற பண்டம். அதற்குக் கொதி தேவையில்லை, கொதிநீரில் ஊறினால் போதும். மூடி இறுக்கமான எவர்சில்வர் டிபன் பாக்ஸ் ஒன்று எடுங்கள். முதலில் கொஞ்சம் வெந்நீர் ஊற்றிக் கொட்டிவிடுங்கள். பாத்திரம் குளிர்ந்திருந்தால் அதுவே கொஞ்சம் சூட்டைக் குடித்துவிடும், மேகி நடுவில் நறுக்கென்று நிற்கும். ஒரு பாக்கெட்டை இரண்டாக உடைத்துப் போட்டு, மசாலா தூவி, கொதிக்கக் கொதிக்க 200 மில்லி ஊற்றி மூடித் துண்டால் சுற்றி வையுங்கள். ஐந்து நிமிடம் கழித்து ஒரு கிளறு, இன்னும் இரண்டு நிமிடம். அடுப்பில் வைத்த குழைவு வராது. பதினொரு மணிக்கு அது பெரிய குறையில்லை.

அடிப்பிடித்த கெட்டிலில் வெந்நீரும் ஒரு ஸ்பூன் சமையல் சோடாவும் போட்டு ராத்திரி முழுக்க விடுங்கள். கம்பி நார் வேண்டாம். வெள்ளையாகப் படிந்த உப்பு என்றால் சோடா உதவாது, எலுமிச்சைச் சாறு கலந்த தண்ணீரைக் கொதிக்கவிட்டு அரை மணி நேரம் ஊறவையுங்கள்.

அடுத்தது இருட்டு. கெட்டில் 1500 வாட், அயர்ன் பாக்ஸ் 1000 வாட் என்று வைத்தால் 230 வோல்ட்டில் கிட்டத்தட்ட 11 ஆம்பியர். கூடவே எல்லா அறை ஃபேனும் லேப்டாப்பும். அந்த லைனில் 6 அல்லது 10 ஆம்பியர் எம்.சி.பி. (சுமை மிஞ்சினால் தானே கீழே விழுந்து கரன்டை வெட்டும் ஸ்விட்ச்) இருந்தால் தாங்காது. ஆனால் உடனே விழாது, ஏனென்றால் அதற்குள்ளும் அதே வளையும் தகடுதான். அதிகச் சுமை கொஞ்சம் என்றால் மெதுவாக, ரொம்ப என்றால் சீக்கிரம் விழும். விழுந்ததும் ஓடிப்போய்த் தூக்கினால் நிற்காது. இரண்டையும் பிடுங்கிவிட்டுச் சில நிமிடம் ஆறவிட்டுத் தூக்குங்கள். கெட்டிலை எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மாட்டவே மாட்டாதீர்கள். சுவரில் இருக்கும் பெரிய 16 ஆம்பியர் சாக்கெட் இருந்தால் அதுதான் அதற்கு இடம். விடுதியில் கெட்டிலுக்கே தடை என்றால், வார்டன் சொல்லும் காரணம் பாதி இந்தக் கணக்குதான்.